டி.வி. நிகழ்ச்சி மீது புகார் செய்யலாமா?

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "பக்கத்து ஊர் பொண்ணோட குடும்பச் சண்டையை டி.வி.யில வெச்சுப் பேசினாங்க. அவ பிள்ளையைக் கூப்பிட்டு, அப்பா வேணுமா அம்மா வேணுமான்னு கேட்டு அழ வெச்சாங்க. அந்தப் பிள்ளை இப்போ பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது. இதைக் கேட்க ஆளே இல்லையா?"

ஆள் இருக்காங்க. நாம எழுதிக் கேட்கணும், அவ்வளவுதான்.

சினிமாவைத் தணிக்கை செய்வது போல டி.வி. நிகழ்ச்சியை யாரும் முன்கூட்டிப் பார்த்துச் சான்று தருவதில்லை. ஒளிபரப்பான பிறகுதான் கேள்வி. 1995-ல் வந்த கேபிள் டி.வி. சட்டத்தின் விதிகளில் நிகழ்ச்சிகளுக்கான நெறிமுறை உண்டு. பெண்களையோ குழந்தைகளையோ இழிவுபடுத்தக் கூடாது, மூடநம்பிக்கையை வளர்க்கக் கூடாது என்று அதில் எழுதியே இருக்கிறது.

2021-ல் புகார் செய்யும் முறையையும் விதியில் சேர்த்தார்கள். முதல் புகார் அந்தச் சேனலுக்கே போக வேண்டும். (திருடனிடமே சாவியா என்று கேட்காதீங்க, மேலே இன்னும் இரண்டு படி இருக்கு.) புகார் வந்து சேர்ந்ததற்கு 24 மணி நேரத்தில் சேனல் ஒப்புகை தர வேண்டும். 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள், அந்தச் சேனல் உறுப்பினராக இருக்கும் ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். பொழுதுபோக்குச் சேனல்களுக்காக 2011-ல் தொடங்கிய பி.சி.சி.சி. என்ற புகார்க் குழு அப்படிப்பட்ட ஒன்று. அதற்கும் மேலே மத்திய அரசு.

சீரியல் பிடிக்கலைன்னு எழுதினால் ஒண்ணும் நடக்காது. வில்லி கெட்டவளாத்தான் இருப்பா! சேனல் பேர், நிகழ்ச்சி பேர், தேதி, நேரம், என்ன காட்டினாங்க, என்ன பேசினாங்க, அது ஏன் தப்பு, இவ்வளவும் வேணும். பிள்ளையோட பேரை எழுத வேண்டாம், ஏற்கெனவே பட்டது போதும். நகல் ஒன்று கையில் இருக்கட்டும். ஒளிபரப்பியதைச் சேனல்கள் 90 நாள்தான் பதிவாக வைத்திருக்க வேண்டும், அதனால் தள்ளிப் போடாதீங்க.

அந்த அக்காவின் குழு தீர்மானம் போட்டுவிட்டது. பிள்ளையின் அம்மாவும் சம்மதம் சொல்லிட்டாங்க. ஒளிபரப்பான தேதி மட்டும் சரியாகத் தெரியவில்லை. அன்னைக்குப் பார்த்தவங்க யாராவது இருந்தால், கூட்டம் முடிஞ்சதும் ஊக்குநரிடம் சொல்லிட்டுப் போங்க.