கருணாபுரத்தில் கலந்த நஞ்சு

சின்னசேலத்துக்கு அருகிலுள்ள கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 2024 ஜூன் மாதம் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 65-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்தியவர்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால், அதாவது பெயின்ட், வார்னிஷ் போன்றவற்றுக்கான கரைப்பானாகத் தொழிற்சாலைகளில் பயன்படும் ஒருவகை ஆல்கஹால். நிறத்தாலோ மணத்தாலோ எளிதில் பிரித்தறிய முடியாத இப்பொருளைக் கல்லீரலின் நொதிகள், அதாவது வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்கள், முதலில் பார்மால்டிஹைடாகவும் பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. அந்த அமிலமே பார்வை நரம்பைச் சிதைத்து, இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டி, மூச்சை முடக்குகிறது. இம்மாற்றத்துக்குப் பல மணி நேரம் பிடிப்பதால், குடித்தவர் வழக்கமான போதை என்றெண்ணி உறங்கிவிட, கண் மங்கி வயிறு வலிக்கும்போது நஞ்சு வெகுதூரம் முன்னேறியிருக்கும். கருணாபுரத்தில், முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தனர் என்ற அன்றைய செய்தி நெஞ்சைப் பிளப்பது. சாவின் காரணம் அந்தத் தெருவுக்கு உடனே எட்டியிருந்தால் அவர்களில் சிலரேனும் பிழைத்திருக்கக்கூடும். உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைந்தால், மேற்சொன்ன நொதிகளில் ஒன்றைத் தடுக்கும் போமிபிசோல் என்னும் மருந்தும், இரத்தத்திலுள்ள நஞ்சை வெளியேற்றும் டயாலிசிஸும் உயிரைக் காக்க வல்லவை. அருகிலுள்ள கல்வராயன் மலையில் காய்ச்சப்படும் கள்ளச்சாராயத்தின் மீதே நெடுங்காலமாகக் கண் வைத்திருந்த கண்காணிப்பு, தொழிற்சாலைகளுக்கென விற்கப்படும் மெத்தனாலின் ஒவ்வொரு பீப்பாயையும் பின்தொடர்வதற்கு விரிவடைய வேண்டும். ஏனெனில், 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் உயிர்களைப் பறித்தது இதே மெத்தனால்தான்.