குமாரமங்கலத்தார் எழுதிய மறுப்பு



திருச்செங்கோட்டு மலைக்கு அருகே குமாரமங்கலம் என்றோர் ஊர். அவ்வூரின் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன், நம் மேடையில் ஏறியவரல்லர். நம்மோடு சிறை புகுந்தவருமல்லர். "அவரைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று முணுமுணுக்கும் தோழனே, சற்றுப் பொறு. மாற்றானின் வரலாற்றை அறியாதவன் மாற்றானை மடக்குவது எங்ஙனம்?

1889-இல் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்றார். மங்களூரிலே தாழ்த்தப்பட்டோருக்குப் பள்ளி நடத்திய குத்முல் ரங்கராவின் மகள் ராதாபாயைச் சாதி வேலி தாண்டி மணந்தார். அந்த அம்மையார் 1938-இல் டில்லி ராஜ்ய சபையின் முதற் பெண் உறுப்பினர். பிள்ளைகளோ, ஒருவர் இந்தியப் படைத் தலைமைத் தளபதி. இன்னொரு மகனும் மகளும் பொதுவுடைமைக் கட்சி! அவ்வீட்டுப் பந்தியில் சாம்பாரைவிட அரசியலே சூடாக இருந்திருக்கும்.

1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சியார் மிகுதியாய் வென்றும் பதவி ஏற்க மறுத்தனர். கட்சி சாராத சுப்பராயன், 37 வயதில் சென்னை மாகாண முதல் மந்திரியானார். சைமன் கமிஷன் வந்தபோது உடனிருந்த மந்திரிகள் இருவர் விலகினர், இவர் விலகவில்லை. நாற்காலிப் பித்து என ஏசினர், ஏச்சில் நியாயமும் இருந்தது. ஆனால் அவர் விலகாது நின்ற அந்த மந்திரி சபையில்தான் முத்தையா முதலியார் வகுப்புரிமை ஆணையைச் செயற்படுத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பின்னர் ஆலய நுழைவு மசோதா ஒன்றைக் கொணர முனைந்தார். 1933 சனவரியில் வைசிராய் இசைவு மறுத்தார்.

இனி, 1938. அவ்வாண்டு அவருக்கு இரு முகம். ஒன்று, இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர். 1946 வரை அந்தப் பொறுப்பு. மற்றொன்று, ராஜாஜி மந்திரி சபையின் கல்வி அமைச்சர். ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று ஆணை பிறந்தது. நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் மாண்டனர். திட்டம் ராஜாஜியுடையது, உண்மை, துறை எவருடையது? "தலைவன் எறியச் சொன்னான், எறிந்தேன்" என்று பந்து வீசியவன் தப்பிக்க இயலுமோ? இந்தக் கணக்கிலிருந்து அவரை விடுவிக்க நான் வரவில்லை.

ஆட்டக்களத்திலும் அன்று ஒரு கொடுமை. பம்பாயில் ஜிம்கானாக்கள் நடத்திய ஐவர் போட்டியில் இந்து, முஸ்லிம், பார்சி, ஐரோப்பியர் என அணி பிரித்தனர். எந்தப் பெட்டியிலும் அடங்காதார்க்கு ஐந்தாவது அணி. அதன் பெயர் யாது? "மற்றையோர்"! கிறித்தவரான விஜய் ஹசாரே, 1943-இல் அந்த அணிக்காக ஆடி, 387 ஓட்டங்களில் 309-ஐத் தாம் ஒருவரே எடுத்தார். ஆயினும் தோற்றது மற்றையோரே. இந்த மதவாரி ஆட்டத்தைக் காந்தியார் 1940-இல் கண்டித்தார். 1946-இல் அது நின்றது. வாரியம் நடத்திய ரஞ்சிக் கோப்பையோ மாகாண வாரியானது, போர்க்காலத்திலும் நிற்கவில்லை. இந்த இரு முறைகளையும் எட்டாண்டுக் காலம் அருகிருந்து பார்த்தவர் சுப்பராயன்.

1955-இல் பி. ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழிக் கமிஷன் அமைந்தது. சுப்பராயன் அதில் ஓர் உறுப்பினர். டில்லியில் ஆள்வது அவர் கட்சி. கையெழுத்திட்டிருந்தால் கேள்வி கேட்பார் இல்லை. 1956-இல் அறிக்கை வந்தபோது, இந்தியை விரைந்து புகுத்தலாகாது, ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்று மறுப்பு எழுதியவர் இருவர். ஒருவர் வங்கத்து மொழியறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி. மற்றவர், 1938-இல் கல்வி அமைச்சராயிருந்த அதே குமாரமங்கலத்தார்! இந்தி பேசாத நாம் இந்த நாட்டின் "மற்றையோர்" ஆவதா என்பதன்றி வேறென்ன அங்கே வழக்கு?

மனம் மாறினாரா, தம் கணக்கைத் தாமே தீர்த்தாரா? எனக்கு இரண்டாவதே தோன்றுகிறது. நீ வேறு நினைக்கலாம். அஞ்சி அடங்கும் காங்கிரஸ் நண்பர்களுக்கு மட்டும் ஒன்று சொல்: மறுப்பு எழுதியதால் அவர் வீழ்ந்துவிடவில்லை. 1957-இல் திருச்செங்கோட்டார் அவரை நாடாளுமன்றம் அனுப்பினர். 1959-இல் மத்திய அமைச்சரானார்.

இந்தி பேசாதார் விரும்பும் வரை ஆங்கிலம் உண்டு என நேரு 1959-இல் உறுதி தந்தார். ஆட்சிமொழிச் சட்டம் 1963-இல் வந்தது. அதைக் காணச் சுப்பராயன் இல்லை. முந்தைய அக்டோபரில், மராட்டிய ஆளுநராக இருக்கையில் மறைந்தார்.