ஆற்றொடு போனவர்

வன்னிநாட்டு ஆறுகளை ஆனி, ஆடி மாதங்களிற் கண்ட அயலூரவர் அவற்றை ஆறு என்று ஒப்புவதற்குத் தயங்குவர். வவுனியாப் பகுதியிலே தோன்றி, வடக்கு நோக்கி வந்து, இரணைமடுக் குளத்தை நிரப்பி, எஞ்சிய நீரைச் சுண்டிக்குளக் கடனீரேரியிலே கொண்டுசேர்க்கும் கனகராயன் ஆறும், முத்தையன்கட்டுக் குளத்தின் வழியே நந்திக்கடலை நாடும் பேராறும் கோடையில் மணற் பாதைகளாகவே கிடக்கும். மாடுகள் அவற்றின் நடுவே நடந்து மேய்ச்சலுக்குப் போகும். கரையிலுள்ள மருதமர நிழலிற் பிள்ளைகள் விளையாடுவர். மணலைத் தோண்டினாலன்றித் தண்ணீர் காண்பது அரிது.

இத்தகைய ஆறு ஒருவரைக் கொண்டுபோகும் என்று சொன்னால் யார் நம்புவார்? ஆனால் மாரி பிறந்து, மேலேயுள்ள குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வான்பாயத் தொடங்கியதும், ஓரிரவிலே அம்மணற்பாதை கரைபுரளும் வெள்ளமாகிவிடும். தன் ஊரிலே மழை ஓய்ந்து வெயில் எறிக்கும் வேளையிலும், எங்கோ பெய்த மழையின் நீர் அப்போதுதான் தாம்போதிக்கு வந்துசேரும். ‘முழங்கால் அளவு தண்ணீர்தானே’ என்று சொல்லி இறங்குவர். முழங்கால் அளவேயாயினும் ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலின்கீழ் மணலும் அரித்துக்கொண்டு போகும். எட்டு மாதமாக நாள்தோறும் நடந்து பழகிய வழி என்ற துணிவே இங்குப் பகையாகிறது. புதியவன் அஞ்சி நின்றுவிடுவான், ஊரவனே இறங்குவான். 2018ஆம் ஆண்டு டிசம்பர் 21, 22 ஆகிய நாட்களிற் கொட்டிய மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் ஊர்கள் பல ஒரே இரவில் நீருள் நின்றதை அங்குள்ளோர் மறக்கமாட்டார்.

வீட்டிலே உயிர்விட்டவருக்கு ஆற்ற வேண்டிய முறைகள் தெளிவாக உள்ளன. உடலைக் குளிப்பாட்டுவர், வாய்க்கரிசி இடுவர், சுடலைக்குக் கொண்டுசெல்வர், காடாற்றி எலும்பெடுத்துக் கடலிற் கரைப்பர், எட்டுச் செலவும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் தொடரும். துயரம் எவ்வளவு பெரிதாயினும் கைக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆற்றொடு போய் உடலும் அகப்படாதவருக்கோ அந்த வேலையே இல்லை. தேடப் போனவர் ஆற்றுமுகம்வரை சென்று வெறுங்கையோடு திரும்புவர். தருப்பைப் புல்லினால் உருவமைத்து, அதற்கே எரியூட்டிக் கடன் கழிக்கலாம் என்று நூல்கள் வழி கூறுகின்றன. இறந்த திதி தெரியாவிடின் அம்மாதத்து அமாவாசையைக் கொள்வதும் வழக்கு. எனினும் அப்புல்லுருவை எரிப்பதற்கு ஒரு தாயோ மனைவியோ உடன்படுவது எளிதன்று. அது, இனி வரமாட்டார் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவது போன்றதாகும். ‘எந்தக் கரையில் ஏறி இருக்கிறாரோ’ என்ற பேச்சு, ஆண்டுகள் கழிந்தும் அவ்வீடுகளில் எழுவதுண்டு.

ஈழத்துத் தமிழரிடையே கல்வெட்டு அச்சிடும் வழக்கம் ஒன்றுண்டு. கல்லில் வெட்டுவதன்று அது. அந்தியேட்டி நாளன்று உற்றாருக்கு வழங்கும் சிறு நூலே அது. முன்னே திதி வெண்பா நிற்கும். ஆண்டும் மாதமும் பக்கமும் திதியும் அதனுள் அடங்கும். பின்னே வமிசாவளியும், மனைவி புலம்பலும் மக்கள் புலம்பலும் வரும். சம்பிரதாயமான செய்யுட்கள் என்று புலவர் சிலர் இவற்றைப் புறந்தள்ளுவர். அது சரியான மதிப்பீடாகாது. சுடுகாட்டில் ஓர் அடையாளமும் இல்லாத ஒருவருக்கு, இன்ன நாளிலே போனார் என்று சொல்ல எஞ்சுவது அந்த ஒரு வெண்பாவே. போரிலும் இடப்பெயர்விலும் பெட்டகங்களோடு அழிந்தவை எத்தனையோ. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்தில் இவ்வகை நினைவு மலர்கள் பல சேர்க்கப்பட்டிருப்பது சிறு ஆறுதல்.

நீர் கொண்டுபோனவனைத் தேடிய பெண்ணின் கதை தமிழில் மிகப் பழையது. காவிரியின் கழார்த் துறையிலே புதுப்புனல் விழாவில் ஆடிய ஆட்டனத்தியை ஆறு கவர்ந்தது. அவன் காதலி ஆதிமந்தி கரைவழியே அலைந்ததைப் பரணர் அகநானூற்றிற் பாடினார். குறுந்தொகையின் 31ஆம் பாட்டு ஆதிமந்தியே பாடியதாகக் குறிக்கப்பட்டுள்ளது. வீரர் கூடும் விழாக்களிலும் மகளிர் ஆடும் துணங்கையிலும் அவனைக் காணேன் என்கிறாள் அவள். ஒருவன் மாண்டான் என்று நம்பாதவளன்றோ திருவிழாக் கூட்டத்திலே தேடுவாள்! சிலப்பதிகாரத்து வஞ்சின மாலையிற் கண்ணகி, புகார் நகரத்துப் பத்தினியர் எழுவரைச் சொல்லும்போது இவளையும் கரிகாலன் மகளென்று சொல்கிறாள். அங்கே கடலே கணவனைக் கொணர்ந்து முன்நிறுத்துகிறது. பரணர் பாட்டிலோ, அவனைக் காட்டிக்கொடுத்த மருதி என்பவள் தான் கடலுட் புகுகிறாள். மீட்பு உண்டெனினும் அதற்கும் ஒருத்தி விலை கொடுக்கவேண்டியிருந்தது.

அந்தக் கண்ணகிக்குத்தான் நந்திக்கடலோரத்து வற்றாப்பளையிலே கோயில் இருக்கிறது. மதுரையை எரித்தபின் ஈழம் வந்தவள் தங்கிய பத்தாவது இடம் அதுவென்பது ஐதிகம். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரை எடுத்துவந்து, எண்ணெய்க்குப் பதிலாக அவ்வுப்புநீரிலே விளக்கெரிப்பர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவை வாரிச் சென்றது. 2009 மே மாதத்தில் அதே நந்திக்கடலோரத்தில் எண்ணற்றோர் மாண்டனர், காணாமற் போயினர். அதன்பின் அவ்விளக்கின் முன் கைகூப்புவோரில், உடலைக் காணாதவர் தொகை ஆற்றங்கரை வீடுகளோடு நின்றுவிடவில்லை.

ஆடி அமாவாசை தந்தையரை நினைந்து விரதமிருக்கும் நாள். காத்தோட்டிக்காய் சமைத்து, படையலிட்டு, எள்ளும் நீரும் இறைப்பர். ஆனால் ஆடியிலே வன்னி ஆற்றில் நீரேது? மார்கழி வெள்ளத்தில் தந்தையை இழந்த மகன், அவரைக் கொண்டுபோன ஆற்றிலே அவருக்கு ஒரு கை நீர் இறைக்க இயலாமல், முல்லைத்தீவுக் கடலுக்குப் புறப்படுகிறான். வழியில் அந்த ஆற்றைக் கடக்கவேண்டும். செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு நடக்கிறான். மணல் காலைச் சுடுகிறது.