வண்டி நகர்வது எவ்வாறு?

மும்பையில் வாழும் நம்மவர் புனே வழியாகச் சென்னைக்கு இரயிலேறினால், கர்ஜத்துக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறிக் கடக்க வேண்டும். 1863ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட போர்க்காட் பாதை அது. 37 அடி தூரத்துக்கு 1 அடி உயரும் கடும் ஏற்றம் அதில் உண்டு. ஆதலின், முன்னே ஓர் எஞ்சின் இழுக்க, பின்னேயும் எஞ்சின்களைப் பூட்டிப் பல வண்டிகளைத் தள்ளுகின்றனர்.

முன் எஞ்சினை மட்டும் இப்போது நோக்குவோம். ஒரு பொருள் மற்றொன்றின்மீது விசை செலுத்தினால், அம்மற்றதும் அதே அளவு விசையை எதிர்த்திசையில் இதன்மீது செலுத்தும் என்பது, 1687இல் நியூட்டன் வெளியிட்ட மூன்றாம் விதி. எஞ்சின் பெட்டிகளை முன்னே இழுக்கிறது. பெட்டிகளும் எஞ்சினை அதே விசையுடன் பின்னே இழுக்கின்றன. அவ்வாறாயின் வண்டி நகர்வது எவ்வாறு? பள்ளிப் பிள்ளைகள் திகைத்து நிற்கும் இடம் இதுவே.

நம் கணக்கில் வந்த வரவு, அண்டை வீட்டார் கணக்கிலுள்ள கடனைத் தீர்க்குமா? தீர்க்காது. அதுபோலவே, இவ்விரு விசைகளுள் ஒன்று பெட்டியின் கணக்கில் சேரும். மற்றொன்று எஞ்சினின் கணக்கில் சேரும். வெவ்வேறு பொருள்மீது செயற்படும் விசைகள் ஒன்றையொன்று அழிப்பதில்லை.

எனில், எஞ்சினை முன்னே தள்ளுவது எது? தண்டவாளமே! சுழலும் சக்கரம் தண்டவாளத்தைப் பின்னோக்கித் தள்ள, தண்டவாளம் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. இவ்விசை, பெட்டிகளின் இழுப்பையும் ஏற்றத்தின் தடையையும் விஞ்சினால் எஞ்சினின் வேகம் கூடும். சமமானால் அது ஒரே வேகத்தில் ஓடும்.

தண்டவாளத்தைத் தாங்கும் பூமியும் பின்னோக்கித் தள்ளப்படத்தான் செய்கிறது. ஆனால் பூமியின் நிறையோ, 6க்குப் பின் 24 சுழிகள் இட்டால் வரும் அத்தனை கிலோகிராம்! அதன் அசைவு நமக்குப் புலப்படுவதில்லை.

மழையில் தண்டவாளம் வழுக்கினால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். போதிய பிடிப்பின்றி அது தண்டவாளத்தைத் தள்ள இயலாது. ஆகவே தண்டவாளமும் அதனைத் தள்ளுவதில்லை. அப்பொழுது ஓட்டுநர், எஞ்சினிலுள்ள மணற்பெட்டியிலிருந்து சக்கரத்தின்முன் மணல் விழச் செய்வார். ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் படைத்த எஞ்சினும் சிறிதளவு மணலின் துணையை நாடுகிறது.

நேயர்களே, நம் பிள்ளைகள் இந்த ஐயத்தை எழுப்பினால் ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம்: விசை எவ்வளவு என்று கேட்குமுன், அது எதன்மீது செயற்படுகிறது என்று கேட்க வேண்டும்.