நெற்றிச் சுருக்கமும் ஒரு துளி நஞ்சும்

சாரல் காலத்தில் குற்றாலத்திற்குச் சென்றவர்கள் அங்குள்ள எண்ணெய்க் குளியலை அறிவார்கள். பேரருவிக்குப் போகும் வழியில், உடம்புக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அவர்களுள் ஒருவரிடம் என் தலையை ஒப்படைத்துவிட்டு அமர்ந்திருந்தேன். அவர் என் நெற்றியை இரு பெருவிரல்களாலும் அழுத்தித் தேய்த்தவாறே, "பத்து நாள் தங்குங்கள் ஐயா, இந்தச் சுருக்கமெல்லாம் ஓடிப்போகும்" என்றார்.

அன்றிரவு தென்காசியில் என் தமக்கையார் வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தேன். தமக்கையின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. படிப்பை முடித்து ஓராண்டு ஆனவள்; தை மாதத்தில் திருமணம். "எண்ணெய்க்கு அது போகாது மாமா. ஊசி போட்டால் போகும். கல்யாணத்துக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்" என்றாள். அவளுடைய புருவங்களின் நடுவே இரண்டு மெல்லிய கோடுகள் இருந்தன. அதுவரை நான் அவற்றைக் கண்டதே இல்லை.

நான் மருத்துவன் அல்லேன். கல்லூரியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்த உரிமையில், "அது நஞ்சு அம்மா" என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன். அவள் தயங்காமல் கேட்டாள்: "அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுகிறார்களே, அது மட்டும் பாலா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. என் தமக்கைக்கு இமைகள் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும் நோய் உண்டு. கண்ணில் குறையில்லை; இமையை மூடும் தசை ஓயாமல் இறுகும், அவ்வளவே. தென்காசிக் கோயிலுக்குத் தனியாகப் போய்வந்து பழகியவர், தெருவைக் கடக்க முடியாமல் பாதி வழியில் நின்றுவிட்ட நாள்கள் உண்டு. அவருக்குக் கண்ணைத் திறந்து கொடுத்ததும், மகள் விரும்புவதும் ஒரே மருந்துதான். பெயர் போட்டுலினம், கடைப்பெயர்களுள் பலர் அறிந்தது போடாக்ஸ்.

இதன் வரலாறு சமையலறையில் தொடங்குகிறது. ஜெர்மனி நாட்டில் கெட்டுப்போன இறைச்சிக் குடலடையை உண்டு பலர் இறந்தனர். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், அவர் கவிஞருங்கூட, 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நோயை நுணுகி ஆராய்ந்து எழுதினார். அந்த நஞ்சைத் தாமே சுவைத்துப் பார்த்தார் என்றால் அவருடைய துணிவை என்னென்பது! மாணவர்கள் இதனைப் பின்பற்ற வேண்டா. இந்த நஞ்சு ஒருநாள் மருந்தாகக்கூடும் என்றும் அவர் கருதினார். 1895-இல் பெல்ஜியத்தில் ஓர் இழவு வீட்டில் பன்றித் தொடைக்கறி உண்ட இசைவாணர் சிலர் மாண்டனர். அதனை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் என்பவர், காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு நுண்ணுயிரே காரணம் என்று கண்டறிந்தார்.

அந்த நஞ்சு என்ன செய்கிறது? புருவத்தைச் சுருக்க வேண்டுமென்றால், நரம்பின் நுனியிலிருந்து அசெட்டைல்கோலின் என்ற பொருள் வெளிப்பட்டுத் தசையைத் தொட வேண்டும். அதை வெளியே அனுப்புவதற்கு நரம்பு நுனியில் ஒரு புரதம் துணை நிற்கிறது. நஞ்சு உள்ளே புகுந்து அப்புரதத்தைத் துண்டித்துவிடுகிறது. நரம்பு பேசுகிறது, தசைக்குக் கேட்பதில்லை. மூச்சுவிடும் தசைகளுக்கும் கேட்காமற்போனால் உயிர் போகும். ஒரு சிறு தசைக்கு மட்டும் கேட்காமற்செய்தால் அது மருத்துவம். மூன்று நான்கு மாதங்களில் நரம்பு மீண்டும் தன் வேலையைத் தொடங்கிவிடும். ஆகவேதான் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட நேருகிறது.

சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் இதனை மாறுகண்ணுக்குப் பயன்படுத்தினார். 1989-இல் அமெரிக்க அரசு மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்திற்கும் இசைவு தந்தது. இதற்கிடையே கனடாவின் வான்கூவர் நகரில், 1987-இல், ஜீன் கரதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமைக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்மணி, புருவத்தின் நடுவிலும் போடும்படி வற்புறுத்தினார். அங்கே போட்டால் தம் முகம் கவலையற்றுத் தோன்றுகிறதாம். ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். இருவரும் ஆராய்ந்து 1992-இல் கட்டுரை வெளியிட்டனர். சுருக்கத்திற்கென்று அமெரிக்க இசைவு கிடைத்தது 2002-இல். புருவ நடுவிற்கு ஐந்து இடங்களில் இடும் மருந்து ஏறத்தாழ ஒரு நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு.

இவ்வளவையும் அவளுக்குச் சொன்னேன். நஞ்சு என்று சொல்லி அச்சுறுத்தியது பிழை என்பதையும் ஒப்புக்கொண்டேன். ஆயினும் ஒன்று கேட்டேன். தென்காசிக் கோயில் மண்டபத்துத் தூணில் வீரபத்திரர் நிற்கிறாரே, அவர் புருவ நெரிப்பைச் சிற்பி மழித்துவிட்டால் அங்கே என்ன மிஞ்சும்? நாட்டிய சாத்திரம் புருவத்துக்கு மட்டும் ஏழு அசைவுகளைக் கூறுகிறது. "நான் வீரபத்திரர் இல்லையே மாமா" என்றாள் அவள். அதற்கும் என்னிடம் விடையில்லை.

அடுத்த முறை தமக்கையைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது அவளும் வந்தாள். மருத்துவர் அவளை முகம் சுளிக்கச் சொன்னார், கோடுகள் தெரிந்தன. தளர்த்தச் சொன்னார், மறைந்தன. இமை தொங்கிப்போதல் முதலிய தீங்குகளையும், தேர்ச்சியில்லாத கையில் ஊசியைக் கொடுக்கும் ஆபத்தையும், தசைநலிவு நோயாளரும் கருவுற்றவரும் இதனைத் தவிர்க்க வேண்டியதையும் சுருக்கமாகச் சொன்னார். பிறகு, சுவரிலிருந்த எழுத்துப் பலகையைப் படிக்கும்படி கேட்டார். நான்காம் வரியில் அவள் புருவங்கள் நெரிந்தன. ஐந்தாம் வரியை அவளால் படிக்கவே முடியவில்லை. பேருந்துப் பலகைகளையும் இப்படியே புருவத்தைச் சுருக்கித்தான் படித்து வந்திருக்கிறாள்! கிட்டப்பார்வை, மருத்துவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஊசியைப் பற்றிய பேச்சே எழவில்லை. மணமேடையில் கண்ணாடியோடு அமர்வதா, இல்லாமலா என்பதே வழக்கு. தமக்கைக்கு ஊசி போட்ட ஐந்தாம் நாள் இமைகள் தளர்ந்தன. இரண்டு கிழமை கழித்து மூவரும் ஐந்தருவிக்குப் போனோம். தமக்கை துணையின்றிப் படியிறங்கினார். மகள் புதுக் கண்ணாடியில் தெறித்த சாரலை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "அம்மா, அந்தப் பாறை மேல் குரங்குக் குட்டி இருக்கிறதே, உனக்குத் தெரிகிறதா?" என்று கேட்டாள்.