ஆடாத ஒலிம்பிக்கும் அழியக்கூடாத வரலாறும்



நம் நாட்டுத் தேசியக் காற்பந்து அணியின் வரலாற்றைத் தேடும் மாணவர், 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடிய மூன்று ஆட்டங்களையும் எளிதில் கண்டறியலாம். மேற்கு ஜெர்மனியிடம் 0-3, மொரோக்கோவிடம் 0-6 எனத் தோற்றோம். அமெரிக்காவை 3-0 என வென்றோம். அவ்வணிக்குத் தலைமை தாங்கியவர் எம். சந்திரன். எனினும், மூத்த இரசிகர் பலர் இன்றும் போற்றும் 1980ஆம் ஆண்டு அணி, ஒலிம்பிக் ஆட்டப் பதிவுகளில் இடம்பெறவே இல்லை. அவ்வணியைப் பற்றியே இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மெர்டேக்கா அரங்கத்தை நாம் அனைவரும் அறிவோம். 1957இல் விடுதலை முழக்கம் எழுந்த அவ்வரங்கத்தில்தான், 1980 ஏப்ரல் 6ஆம் நாள், ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை நம் அணி எதிர்கொண்டது. கோல் காவலராக நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பற்றும் திறத்திற்காக 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்றவர். தற்காப்பு அரணாகச் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் விளங்கினர். சபாவைச் சேர்ந்த ஹசான் சானி தந்த பந்தை, அதே மாநிலத்தவரான ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். மலேசியா 2-1 என வென்றது. மாஸ்கோ செல்லும் தகுதி கிட்டியது.

ஆனால் அணி மாஸ்கோ செல்லவில்லை. 1979 இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து, 60க்கும் மேற்பட்ட நாடுகள் அவ்விளையாட்டுகளில் பங்கேற்கவில்லை. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. நம் இடத்தில் ஈராக் ஆடியது. அதன்பின் இன்றுவரை ஒலிம்பிக் காற்பந்துக்கு நாம் தகுதி பெறவில்லை. ஆறுமுகமோ 1988 டிசம்பரில், 35ஆம் வயதில், சாலை விபத்தில் மறைந்தார்.

2016இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படம் இந்நிகழ்வைத் தழுவியது. அதில் வரும் கோல் காவலரின் பெயர் முத்து. இன்றைய மாணவர் பலர் முத்துவை அறிவர், ஆறுமுகத்தை அறியார். இது படத்தின் குற்றமன்று. கதைக்குப் பெயரை மாற்றும் உரிமை உண்டு. உண்மைப் பெயரைச் சொல்லும் கடமை வரலாற்றுக்கு உரியது. அக்கடமையை நாம் தமிழில் எந்த அளவுக்கு ஆற்றியிருக்கிறோம்?

1980இல் பதினைந்து வயது மாணவராக இருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். அவர் கிள்ளானில் உங்கள் அண்டை வீட்டுத் தாத்தாவாக இருக்கலாம். மாணவர்களே, அவரிடம் சென்று கேளுங்கள். அன்று அரங்கத்திற்குச் சென்றாரா, வானொலியில் கேட்டாரா? பக்கத்தில் அமர்ந்திருந்தவர் யார்? அணி மாஸ்கோ செல்லாது என்றறிந்தபோது என்ன நினைத்தார்? சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். ஆசிரியர்களே, நினைவு பிழைபடக்கூடியது. ஆகவே அக்கால நாளிதழ்ச் செய்திகளோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கவும் பயிற்றுங்கள். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் உயிர்ப்புள்ள பொருள் கிடைப்பது அரிது.

ஆடிய ஆட்டத்தைப் பதிவேடு காத்துக்கொள்ளும். ஆட முடியாமற்போன ஆட்டத்தை மக்களின் மொழிதான் காக்க வேண்டும். சாட்சிகள் நம்மிடையே வாழும்போதே அப்பணியைத் தொடங்குவோம்.