இனாமாக வந்த சீட்டு
(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரிய தத்துவம் எதையும் பேச நாம் இங்கு வரவில்லை. ஒரு சின்னக் கேள்வியோடு வந்திருக்கிறோம். ஒருவர் நமக்கு இனாமாகக் கொடுத்த லொத்தர் சீட்டுக்குப் பரிசு விழுந்தால், கொடுத்தவருக்குப் பங்கு கொடுக்க வேண்டுமா, வேண்டாமா?

சிலர் சிரிக்கிறீர்கள். ஆனால் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியால் பஸ்ஸுக்குப் போகிறவர் எவரும் சீட்டு விற்பவரைக் காணாமல் போவதில்லை. தேசிய லொத்தர் சபை 1963 இல் அமைந்தது. அன்றிலிருந்து இந்தச் சீட்டு நுழையாத வீடு சிலவே. சீட்டு வாங்குங்கள் என்று நாம் இளைஞர்களுக்குச் சொல்ல மாட்டோம், வாங்காதிருப்பதே மேல். ஆயினும் நாம் வாங்காவிட்டாலும் பிறர் அன்பாகக் கையில் வைத்துவிடுகிறார்களே, அப்போது என் செய்வது?

எமக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பேராதெனிய வீதித் தேநீர்க் கடையொன்றில் எம் சிநேகிதர் இரண்டு சீட்டுகள் வாங்கினார். "இந்தாருங்கள் அண்ணே, உங்கள் அதிர்ஷ்டத்தையும் பார்ப்போம்" என்று ஒன்றை எம்மிடம் தந்தார். நாமும் சிரித்துக்கொண்டே, "விழுந்தால் பாதி உமக்குத் தம்பி" என்றோம். எம் சீட்டுக்கு இருபதாயிரம் ரூபா விழுந்தது. அவருடையதற்கு ஒன்றுமில்லை. பாடசாலை திறக்கும் நேரம். பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்க வேண்டியிருந்தது. "வேடிக்கைக்குச் சொன்னதுதானே" என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அவரிடம் சொல்லாமலே இருந்துவிட்டோம். ஒரு மாதம் கழித்துச் சீட்டு விற்பவர் அவர் முன்னிலையிலேயே எம்மை வாழ்த்தினார். சிநேகிதர், "நல்லது, சந்தோஷம்" என்றார். ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தேநீர்க் கடைக்கு அவர் பின்னர் வரவேயில்லை.

இந்தக் கேள்வி உலகத்துக்கும் புதியதன்று. 1999 இல் ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஓர் உணவுச்சாலைப் பணிப்பெண்கள் சிலருக்கு வாடிக்கையாளர் ஒருவர் புளோரிடா லொத்தர்ச் சீட்டுகளை அன்பளிப்பாகக் கொடுத்தார். ஒருத்தியின் சீட்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடி டொலர் விழுந்தது. "யாருக்கு விழுந்தாலும் பகிர்வோம் என்று பேசிக்கொண்டோம்" என்று உடன் வேலை செய்த நால்வர் வழக்குத் தொடுத்தார்கள். யூரிமார் அவர்கள் பக்கம் நின்றார்கள். 2000 இல் அம்மாநில உயர் நீதிமன்றமோ, சூதாட்டத்தை அடிப்படையாகக் கொண்ட ஒப்பந்தம் அங்கே செல்லாது என்று அத்தீர்ப்பை மாற்றிற்று. சீட்டுக் கொடுத்தவரும், தமக்கொரு வாகனம் வாங்கித் தருவதாகச் சொல்லப்பட்டது என்று வழக்காடித் தோற்றார். பரிசில் பாதிக்குச் சற்று மேலான பங்கைக் குடும்பத்தாருக்கு ஒதுக்கியதற்கும் நன்கொடை வரி உண்டென 2012 இல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சீட்டு, பதின்மூன்று ஆண்டு வழக்கு!

இதற்கு நேர்மாறானதும் அந்த நாட்டிலேயே நடந்தது. 1984 இல் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு பொலிஸ்காரர், பணிப்பெண்ணுக்கு வழக்கமான இனாமுக்குப் பதிலாகத் தம் லொத்தர்ச் சீட்டில் பாதியைத் தருவதாகச் சொன்னார். இருவருமாக எண்களைத் தெரிந்தார்கள். அறுபது இலட்சம் டொலர் விழுந்தது. அவர் சொன்ன சொல் மாறாமல் பாதியைக் கொடுத்தார். 1994 இல் வந்த ஒரு திரைப்படத்துக்கு இதுவே வித்து.

நமக்கு அண்மையில், கேரளத்து ஆலுவாவில், 2021 இல் நடந்ததை இளைஞர்கள் மறக்கலாகாது. சீட்டு விற்கும் பெண்ணொருவரிடம் தோட்ட வேலை செய்யும் ஒருவர் தொலைபேசியில், "எனக்கொரு சீட்டை எடுத்து வையுங்கள், காசு பிறகு தருகிறேன்" என்றார். சீட்டின் விலை 200 ரூபா. அதற்கு ஆறு கோடி ரூபா விழுந்தது. காசும் வரவில்லை, சீட்டும் அப்பெண்ணின் கையிலேயே இருந்தது. அன்றிரவே அவர் வீட்டுக்குச் சென்று சீட்டை ஒப்படைத்தார் அந்த அம்மையார். அவரைத் தடுக்க ஒரு சாட்சியும் இல்லை, மனச்சாட்சியைத் தவிர.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? உரோமன்–டச்சுச் சட்டப்படி, கொடுத்து ஏற்கப்பட்ட நன்கொடை பெற்றவருடையது. கொடுத்தவர் நினைத்தபோது திரும்பக் கேட்க முடியாது. ஆனால் பெற்றவர் பாரிய நன்றிகேடு செய்தால் அதை நீக்கக் கோர இடமுண்டு. சட்டமும் நன்றிகேட்டைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை, பார்த்தீர்களா! திருவள்ளுவரும் செய்ந்நன்றி அறிதலைச் சொன்ன கையோடு, அடுத்த அதிகாரத்தில் நடுவு நிலைமையைச் சொன்னார். நன்றியும் நீதியும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்.

ஆகவே எம் கருத்து இது. கொடுத்தவர் பங்கு கேட்கலாகாது. கேட்டால் கொடுத்தது கொடையாகாது, முதலீடாகிவிடும். பெற்றவர் முன்னரே வாக்குக் கொடுத்திருந்தால், வேடிக்கையாய்ச் சொன்னதாயினும் அதைக் காக்க வேண்டும். வாக்கு ஒன்றும் இல்லையென்றால் எவ்வளவு கொடுப்பதென்பது அவர் மனத்தைப் பொறுத்தது. ஆனால் முதற் செய்தி கொடுத்தவர் காதுக்குத்தான் போக வேண்டும். அதில் மட்டும் விலக்கில்லை.

இதை நாம் எங்கே கற்றோம்? இரண்டு வருடம் பொறுத்து, அந்தச் சிநேகிதரின் வீடு தேடிப் போய்ப் பத்தாயிரம் ரூபாவை முன்னே வைத்தோம். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. "அண்ணே, அன்றைக்கே சொல்லியிருந்தால், முழுவதையும் பிள்ளைகளுக்குச் செலவழியுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். காசுக்காகவா நான் கடைக்கு வராமல் விட்டேன்?" என்றார். பணத்தை வாங்கிக்கொண்டார், வாங்காவிட்டால் எமக்கு வெட்கம் தீராது என்று அவருக்குத் தெரியும். இப்போது வீதியில் கண்டால் நலம் விசாரிக்கிறோம். ஆனால் அந்தத் தேநீர்க் கடையில் நாம் தனியாகவே குடிக்கிறோம்.

இளைஞர்களே! கடன்பட்ட பணத்தைப் பிந்தியும் கொடுக்கலாம். சொல்ல வேண்டிய சொல்லை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.